அர்த்தம் போதும், வித்தியாசத்த சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல கொஞ்ச நாளா இன்டர்நெட் வார்த்தைகளுக்கு அர்த்தம் போட்டு ஒரு சின்ன பெட்டி வந்துட்டு இருக்கே, அத பத்திதான் இந்த லெட்டர். திட்டறதுக்கு எழுதல, முதல்லயே சொல்லிடறேன். எங்க அத்தை அந்த பெட்டிய தவறாம கத்தரிச்சு ஒரு நோட்டுல ஒட்டி வெக்கறாங்க. அத்தை ரிட்டையர்டு டைப்பிஸ்ட், எழுபத தாண்டிட்டாங்க, போன வருஷம்தான் ஸ்மார்ட்போன் கைக்கு வந்துச்சு. போன வாரம் அந்த நோட்ட எடுத்துட்டு வந்து என்கிட்ட காட்டினாங்க. சர்வர்னா சேவையகம்னு போட்டிருக்கு, சேவையகம்னா சேவை வழங்கும் கணினின்னு போட்டிருக்கு. "எல்லாத்தையும் படிச்சிட்டேன்பா, சரி, இப்ப நான் எத அமுக்கணும்?"னு கேட்டாங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா அவங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி.

புதுசா வர்றவங்களுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாததால கஷ்டம் வர்றதில்லங்க. ரெண்டு வார்த்தைய ஒண்ணுன்னு நெனச்சுக்கறதாலதான் வருது. அத்தைக்கு போன் சொல்லிக்குடுத்த இந்த ஒரு வருஷத்துல நான் பாத்த வரைக்கும் எல்லா கலாட்டாவும் அந்த மாதிரிதான் ஆரம்பிச்சிருக்கு. அதனால ஒத்த வார்த்தையா போடாம ஜோடி ஜோடியா போடுங்க, எது எதோட குழம்புதோ அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு. இதான் என் கோரிக்கை, மீதி எல்லாம் அதுக்கு உதாரணம்தான், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

முதல் ஜோடி வைஃபை, இன்டர்நெட். ஒரு நாள் ராத்திரி அத்தை போன் பண்ணி "நெட்டு போச்சு"ன்னாங்க. வைஃபை குறி இருக்கான்னு கேட்டேன், முழுசா இருக்குன்னாங்க, அப்ப எப்படி நெட்டு போகும்னு அவங்களுக்கு கோவம். அந்த விசிறி மாதிரி குறி என்ன சொல்லுதுன்னா உங்க போனுக்கும் வீட்ல இருக்கற ரூட்டர் பெட்டிக்கும் நடுவுல பேச்சுவார்த்தை நல்லா இருக்கு, அவ்ளோதான். பெட்டிக்கு அந்தாண்ட வெளிய போற லைன் அறுந்திருந்தாலும் அது முழுசா நிக்கும், சில போன்ல மட்டும் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி வரும். (வைஃபைங்கறது எதோட சுருக்கமும் இல்ல, 1999ல பேர் வெக்கறதையே தொழிலா வெச்சிருக்கற ஒரு கம்பெனி யோசிச்சு குடுத்த பேரு, விரிவாக்கம் எல்லாம் பின்னாடி ஒட்டவெச்சது.) அதனால அன்னிக்கு அத்தைய வைஃபைய ஆஃப் பண்ணி மொபைல் டேட்டாவ ஆன் பண்ண சொன்னேன். அதுல வந்துச்சுன்னா கோளாறு வீட்டு பெட்டியிலயோ லைன்லயோ, ரெண்டுலயும் மத்ததெல்லாம் ஓடி ஒரே ஒரு ஆப் மட்டும் ஓடலைன்னா பெரும்பாலும் அந்த ஆப் கம்பெனியோட கம்ப்யூட்டர் எங்கயோ படுத்துக்கிட்டிருக்கும், நம்ம நெட்டுல ஒண்ணும் இல்ல. "அந்த எங்கயோ இருக்கற கம்ப்யூட்டர்தான் சர்வர்"னு சொன்னேன். அப்பதான் அவங்க நோட்டுல சேவையகத்துக்கு பக்கத்துல ஒரு டிக் விழுந்துச்சு.

இன்டர்நெட்டும் வெப்பும் ஒண்ணுதான்னு படிச்சவங்களே நெனச்சுட்டு இருக்காங்க, உங்க பெட்டியிலயும் ரெண்டுக்கும் "இணையம்"னே போட்டிருந்தீங்க. இன்டர்நெட்ங்கறது கம்ப்யூட்டர்கள ஒண்ணோட ஒண்ணு சேக்கற வலை. அதோட முன்னோடி ஆர்ப்பாநெட்ல முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29, கலிஃபோர்னியால ஒரு யூனிவர்சிட்டில இருந்து அதே மாகாணத்துல இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு. லாகின்னு அடிக்க ஆரம்பிச்சு எல், ஓன்னு ரெண்டு எழுத்து போனதுமே சிஸ்டம் விழுந்துடுச்சு! இத சொன்னதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம், "அப்ப எனக்கு மட்டும்தான் லாகின் பண்ணும்போது நிக்குதுன்னு இல்ல"ன்னாங்க. ஈமெயில் 1971, ரே டாம்லின்சன்ங்கறவர் ஆள் பேரையும் மெஷின் பேரையும் பிரிக்க @ குறிய எடுத்து நடுவுல வெச்சாரு, அது பழைய டைப்ரைட்டர்லயே சும்மா கிடந்த குறி. வெப் யோசனைய டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல எழுதிக் குடுத்தது 1989ல, அதாவது மெயில் வெப்ப விட பதினெட்டு வயசு மூத்தது. லிங்க்க அமுக்கினா இன்னொரு பக்கம் தொறக்குதே, அதான் வெப். மெயில், வாட்ஸப், வீடியோ கால் எல்லாம் அதே கம்பியில ஓடற வேற வேற சமாச்சாரம். இது தெரிஞ்சா என்ன லாபம்னா, வெப்சைட் தொறக்கலைன்னா நெட்டே செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லன்னு புரியும்.

அடுத்தது பிரவுசர், சர்ச் இன்ஜின். உங்க பாஷைல உலாவி, தேடுபொறி. உலாவி வெப் பக்கத்த தொறந்து காட்டற ஆப், தேடுபொறி எந்த பக்கம் எங்க இருக்குன்னு தேடிக் குடுக்கற சைட். முன்னாடி எல்லாம் மேல முகவரி அடிக்க ஒரு பெட்டி, தேட ஒரு பெட்டின்னு தனித்தனியா இருக்கும். 2008ல கூகிளோட குரோம் உலாவி வந்தப்ப ரெண்டையும் ஒண்ணாவே போட்டாங்க, வசதிதான், ஆனா அன்னிலேர்ந்து புதுசா வர்ற யாருக்கும் ரெண்டும் வேறன்னே தெரியாம போச்சு. முகவரிய சரியா அடிச்சா நேரா அந்த சைட்டுக்கு போவீங்க. பேர மட்டும் அடிச்சா தேடுன பட்டியல் வரும், அந்த பட்டியல்ல முதல் ஒண்ணு ரெண்டு விளம்பரமா இருக்கலாம், மேல பொடி எழுத்துல விளம்பரம்னு போட்டிருப்பாங்க. கஸ்டமர் கேர் நம்பர்னு தேடி மேல வந்த ஏதோ நம்பருக்கு போன் பண்ணி ஏமாந்தவங்க கதை உங்க பேப்பர்லயே எத்தன தடவ வந்திருக்கு. அதெல்லாம் நடக்கறது முகவரிக்கும் தேடலுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த ஒரு இடத்துலதான்.

முகவரின்னு சொன்னேன்ல, அத படிக்கறத பத்தி நீங்க ஒரு நாள் முழு பக்கமே போடலாம். யாருமே இத சொல்லிக்குடுக்கறதில்ல. அத்தைக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு, உங்க அக்கவுன்ட் முடங்கப்போகுது, உடனே இந்த லிங்க்ல போய் சரி பண்ணுங்கன்னு. லிங்க்ல பேங்க் பேர் இருக்கே, நிஜம்தானேன்னு கேட்டாங்க. நான் ஒரு பேப்பர்ல பெருசா எழுதிக் காட்டினேன், உண்மையான பேர் வேணாம்னு நானா ஒரு பேர் வெச்சு: நம்மபேங்க்.காம்.செக்-லாகின்.நெட்/அப்டேட். இத நாம இடமிருந்து வலமா படிப்போம், முதல்ல நம்மபேங்க்.காம்னு கண்ணுல பட்டதும் நிம்மதி ஆயிடும், மீதிய பாக்கவே மாட்டோம். ஏமாத்தறவன் அத நம்பித்தான் எழுதறான். படிக்க வேண்டியது வலமிருந்து இடமா. எச்டிடிபிஎஸ்னு ஆரம்பத்துல ரெண்டு சாய்வு கோடு வரும், அத விட்ருங்க, அதுக்கப்பறம் வர்ற முதல் ஒத்த சாய்வு கோட்ட தேடி விரல வெச்சு அங்கேர்ந்து இடது பக்கமா ரெண்டு துண்டு வாங்க: நெட், அதுக்கு முன்னாடி செக்-லாகின். ஆக இது செக்-லாகின்.நெட்ங்கறவனோட வீடு, நம்மபேங்க்.காம்ங்கறது அவன் வீட்டு வாசல்ல அவனே எழுதி மாட்டிக்கிட்ட போர்டு. அவன் வீட்டுல அவன் என்ன போர்டு வேணும்னாலும் மாட்டலாம், யாரும் கேக்க முடியாது. (சில நாட்டு முகவரிகள்ல கடைசி வாலே ரெண்டு துண்டா இருக்கும், அப்ப மூணாவது துண்டையும் சேத்து பாக்கணும்.) அத்தை அத மூணு தடவ விரல வெச்சு படிச்சு பாத்துட்டு "ஓ, ஊர் பேர் கடைசில எழுதற தபால் அட்ரஸ் மாதிரிதானே"ன்னாங்க. எனக்கே அது தோணல.

அந்த பேப்பர பாத்துட்டு பக்கத்துல இருந்த எங்க மாமா "பூட்டு படம் இருந்தா பயப்பட வேணாம்னு சொல்வாங்களே"ன்னாரு. இது இன்னொரு ஜோடி, பாதுகாப்பான இணைப்பு, நம்பகமான ஆள். பூட்டு, இல்ல எச்டிடிபிஎஸ் கடைசில இருக்கற அந்த எஸ், என்ன சொல்லுதுன்னா நீங்க அடிக்கறத வழியில யாரும் ஒட்டுக்கேக்க முடியாதுன்னு. அந்த கடைசில உக்காந்திருக்கறவன் திருடனா நல்லவனான்னு அது சொல்லவே சொல்லாது, திருடனும் பூட்டு வாங்கலாம்ல. நெறைய பேர் இத தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னுதான் 2023ல குரோம்ல அந்த பூட்டு படத்தையே எடுத்துட்டு வேற குறி போட்டாங்க. மாமா இன்னும் பழைய போன்தான் வெச்சிருக்காரு, அதுல பூட்டு இருக்கு, அதனால நான் சொன்னத முழுசா நம்பல.

பாஸ்வேர்டு, பின், ஓடிபி. ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஏன்னு யாரும் சொல்றதில்ல, அதான் பிரச்சன. ஏன்னு தெரியாத விதிய மரியாதையா பேசறவங்க கேட்டா மீறிடுவோம். விஷயம் என்னன்னா, பாஸ்வேர்டு, பின் ரெண்டும் நீங்க மனசுல வெச்சிருக்கற ரகசியம், ஓடிபி அப்பப்ப மெஷின் உருவாக்கி அனுப்பி கொஞ்ச நேரத்துல செத்துப்போற நம்பர். நீங்க எதுவும் பண்ணாதப்பவே ஓடிபி வருதுன்னா, எங்கயோ ஒருத்தன் உங்க பேர்ல உள்ள நுழையறதுக்கு மீதி எல்லாத்தையும் அடிச்சு முடிச்சிட்டு அந்த கடைசி கட்டத்துக்காக காத்துட்டு இருக்கான்னு அர்த்தம் (யாராவது நம்பர் மாத்தி அடிச்சும் வரலாம், அப்பவும் அத சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல). இன்னொண்ணு, பெரும்பாலும் அந்த மெசேஜ்லயே எதுக்காக அனுப்பியிருக்கோம்னு எழுதியிருப்பாங்க. இப்ப போன் என்ன பண்ணுதுன்னா நம்பர மட்டும் தனியா பெருசா எடுத்துக் காட்டி காப்பி பண்ணிக்கோன்னு சொல்லுது, அதனால மெசேஜ யாரும் படிக்கறதே இல்ல. முழு மெசேஜையும் வாய்விட்டு படிச்சுட்டு அப்பறம் நம்பர பாருங்கன்னு உங்க பெட்டில ஒரு வரி போடலாம்.

அந்த ஓடிபி ஏன் நெட்டு இல்லாதப்பவும் வருதுன்னு அத்தை கேட்டாங்க. எஸ்எம்எஸ், வாட்ஸப் மெசேஜ், இது ரெண்டும் ஒண்ணு இல்ல. எஸ்எம்எஸ் போன் சிக்னல்லயே வர்றது, டேட்டா வேணாம். 1992 டிசம்பர் 3ம் தேதி முதல் எஸ்எம்எஸ் போனப்ப இன்டர்நெட் உள்ள ஒரு கைபேசியும் யார்கிட்டயும் கிடையாது. அதோட அளவு சின்னது, இங்கிலீஷ்ல 160 எழுத்து. தமிழ்ல எழுதினா 70தான், அதுலயும் புள்ளி, கொம்பு, கால் எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். வணக்கம்ங்கறது நமக்கு அஞ்சு எழுத்து, மெஷினுக்கு ஏழு, ரெண்டு புள்ளியையும் சேத்து. நாலு வரி தமிழ்ல அனுப்பினா ஏன் மூணு மெசேஜ்னு கணக்கு காட்டுதுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். வாட்ஸப்ல இந்த தொல்லை இல்ல, ஆனா நெட்டு இல்லன்னா அது நகராது.

வாட்ஸப்ல இன்னொரு கூத்து ப்ளூ டிக். ஒரு டிக்குன்னா உங்க போன விட்டு கிளம்பியாச்சு, ரெண்டு டிக்குன்னா அவங்க போனுக்கு போய் சேந்தாச்சு, ரெண்டும் நீலமானா அவங்க பாத்தாச்சு. குரூப்ல எல்லாரும் பாத்தாதான் நீலம் ஆகும். ஒருத்தருக்கு தனியா அனுப்பறப்ப, நீல டிக்க அவங்க ஆஃப் பண்ணி வெச்சிருந்தா படிச்சாலும் உங்களுக்கு தெரியாது. ஒத்த டிக்குலயே நின்னா அவங்க போன் ஆஃப்ல இருக்கலாம், நெட்டு இல்லாம இருக்கலாம், ப்ளாக் பண்ணியும் இருக்கலாம். ஒத்த டிக்க பாத்து ரெண்டு நாள் பேசாம இருந்தவங்க எங்க குடும்பத்துலயே இருக்காங்க. ஆனா ஃபேஸ்புக்லயோ எக்ஸ்லயோ (பழைய ட்விட்டர்தான்) பேருக்கு பக்கத்துல வர்ற ப்ளூ டிக் முழுசா வேற விஷயம், அங்க அது ஆள பத்தின குறி, அதுவும் இப்ப காசு கட்டினாலே வாங்கலாம். பேர் ஒண்ணு, அர்த்தம் ரெண்டு. இந்த மாதிரி ஒரே பேர்ல ரெண்டு விஷயம் இருக்கறதையும் ஜோடியா சேத்துக்கோங்க.

மெயில் விஷயத்துல மட்டும் நான் அத்தைக்கு சொல்லிக்குடுக்கல, அத்தைதான் எனக்கு சொல்லிக்குடுத்தாங்க. சிசி, பிசிசி எல்லாம் பெரிய புது விஷயம்னு நெனச்சு நான் ஆரம்பிச்சேன். "சிசின்னா கார்பன் காப்பிதானே, நான் அடிச்ச லெட்டர்ல பாதி அதுதான்"னாங்க. மேல் தாள், நடுவுல கார்பன், கீழ் தாள், யாருக்கெல்லாம் நகல் போகுதுன்னு லெட்டர் அடியில சிசின்னு போட்டு அடிப்பாங்களாம். சில நேரம் ஒருத்தருக்கு நகல் போறது மத்தவங்களுக்கு தெரியக்கூடாதுன்னு ஆபிசர் சொல்வாராம், அப்ப மேல் தாள உருவிட்டு நகல்ல மட்டும் அந்த பேர அடிப்பாங்களாம், அதான் பிசிசி, பிளைண்ட் காப்பி. எனக்கு வருஷக்கணக்கா மெயில் அனுப்பியும் அந்த பி எதுக்குன்னு அன்னிக்குத்தான் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. நெறைய பேருக்கு ஒரே மெயில் அனுப்பணும், ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்கு போகக்கூடாதுன்னா பிசிசில போடுங்க. ரிப்ளை ஆல் அமுக்கினா டூ, சிசில இருக்கற அத்தன பேருக்கும் போகும், ரிப்ளை அமுக்கினா அனுப்பினவருக்கு மட்டும். இது தெரியாம சம்பள பிரச்சனைய ஆபீஸ் முழுக்க அனுப்பினவர் ஒருத்தர எனக்கு தெரியும், அது நான்தான்.

அதே டைப்பிஸ்ட் பழக்கத்தால ஒரு வம்பும் வந்துச்சு. அத்தை இங்கிலீஷ்ல எது அடிச்சாலும் கேப்பிட்டல்லதான் அடிப்பாங்க. ஃபார்ம்ல எல்லாம் பெரிய எழுத்துல எழுதவும்னு போட்டுப்போட்டு பழகின தலைமுறை. ஒரு குரூப்ல எல்லாமே கேப்பிட்டல்ல ஒரு நல்ல வார்த்தைதான் போட்டாங்க, அதுக்கு ஒரு பொண்ணு ஏன் ஆன்ட்டி கத்தறீங்கன்னு கேட்டுடுச்சு. முழுசா பெரிய எழுத்துன்னா சத்தம் போடறதுன்னு 1995ல வந்த ஒரு இணைய நாகரிக குறிப்புலயே எழுதி வெச்சிருக்காங்க, ஆனா அத்தைக்கு யார் சொன்னா? நம்ம தமிழ் எழுத்துல பெரிசு சின்னதே கிடையாது, கத்தணும்னா கடைசி எழுத்த இழுத்து வாங்கககககன்னுதான் போடணும். பாஸ்வேர்டுல பெரிசுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம் பாக்கும், மெயில் அட்ரஸ்ல பொதுவா பாக்காது, இதையும் சேத்து சொல்லிடுங்க. கேப்ஸ் லாக் தெரியாம ஆன்ல இருந்து பாஸ்வேர்டு தப்புன்னு வந்து அக்கவுன்டே லாக் ஆன கேஸ் எத்தன.

பேக்கப், சிங்க் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இதுல போனது திரும்பி வராது. பேக்கப்னா இன்னொரு நகல் எடுத்து தனியா வெக்கறது. சிங்க்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சுக்கறது, இங்க அழிச்சா அங்கயும் அழியும். க்ளவுடுல, அதாவது எங்கயோ இருக்கற கம்பெனி சர்வர்ல, போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கேன்னு நெனச்சு போன்ல இடம் வேணும்னு அத்தை அதே ஆப்லயே அழிச்சாங்க, க்ளவுடுலேர்ந்தும் போயிடுச்சு. நல்ல வேள குப்பைத்தொட்டி ஃபோல்டர்ல கொஞ்ச நாள் கிடக்கும், அங்கேர்ந்து எடுத்தோம். போன்ல இடம் காலி பண்ணணும்னா அந்த ஆப்லயே அதுக்குன்னு தனி பட்டன் இருக்கு, டெலீட் பட்டன் அது இல்ல.

தமிழ் வார்த்தைகள பத்தியும் ஒரு வார்த்த. நான் தமிழ்ல போடாதீங்கன்னு சொல்லவே இல்ல. பதிவிறக்கம், பதிவேற்றம் எல்லாம் அருமையான வார்த்த, எந்த பக்கம் போகுதுன்னு பேர்லயே இருக்கு, டவுன்லோடு அப்லோடுன்னு சொல்லும்போது அத்தைக்கு குழம்பினது இறக்கம் ஏத்தம்னதும் ஒட்டிக்கிச்சு. மின்னஞ்சல், செயலி, கடவுச்சொல் எல்லாம் பழகிடுச்சு. ஆனா குக்கிக்கு நினைவின்னு மட்டும் போட்டா, ஸ்க்ரீன்ல குக்கிய ஏத்துக்கறீங்களான்னு கேக்கும்போது ரெண்டும் ஒண்ணுன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? ஸ்க்ரீன்ல என்ன வார்த்த வருமோ அதையும் கூடவே தமிழ் எழுத்துல போடுங்க. குக்கிங்கறது சைட்டு நம்ம பிரவுசர்கிட்ட குடுத்து வெக்கற டோக்கன், அடுத்த தடவ போகும்போது அத பாத்து ஓ நீங்களான்னு அடையாளம் கண்டுக்கும். 1994லேர்ந்து இருக்கு. ஹிஸ்டரிங்கறது பிரவுசர் நமக்காக எழுதி வெக்கற டைரி. ஹிஸ்டரிய அழிச்சா குக்கி தானா அழியணும்னு இல்ல, பாருங்க, இதுவும் ஒரு ஜோடிதான்.

கடைசியா ஒரு சின்ன வேண்டுகோள், அத்தை கண்டிப்பா எழுத சொன்னாங்க. அந்த பெட்டிக்கு நேர் பின்பக்கம்தான் குறுக்கெழுத்து வருது. மாமா அத போடுவாரு, அத்தை இத வெட்டுவாங்க, ஞாயித்துக்கிழம காலைல யார் முதல்ல எழுந்திரிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் பேப்பர். ரெண்டையும் வேற வேற பக்கத்துல போட முடியுமான்னு பாருங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்